சொட்டும் டிகாக்‌ஷன்

ஒரே காபித் தூள்தான், இறக்கும் விதத்தில் ருசி மாறிவிடும். சேலையூர் கேம்ப் ரோட்டில் பீபரி, பிளாண்டேஷன் ஏ கொட்டைகளைச் சிக்கரி சேர்த்து அரைத்து வாங்கிய தூளை ஃபில்டரின் மேல் அடுக்கில் போட்டு, குடைத் தட்டால் லேசாக அமுக்கி, வெந்நீர் ஊற்ற வேண்டும். பலமாக அழுத்தினால் டிகாக்‌ஷன் இறங்காது. தளர்ந்தால் தண்ணீராக ஓடிவிடும். சிக்கரியில் காஃபீன் கிடையாது, நிறமும் கெட்டியும் அதன் பங்கு.

எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் 9 பார் அழுத்தத்தில் சுமார் 30 நொடியில் சாற்றைப் பிழிந்து, மேலே பொன்னிற நுரை கட்டும். ஃபில்டருக்கு அழுத்தம் கிடையாது, நேரம்தான் மூலதனம். பாத்திரத்தில் தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டினாலோ கசப்பு தூக்கலாகிவிடும்.

முதல் டிகாக்‌ஷனில் மணம் முழுதாக இருக்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் வருவது நிறம் மட்டுமே. விருந்தாளிக்கு எந்த டிகாக்‌ஷனில் காபி கலக்கிறார்கள் என்பதிலேயே வீட்டாரின் மரியாதை தெரிந்துவிடும்!