அடுத்த பகுதியைத் தொடங்குவது யார்?
‘சுழல்’ தொடரை முன்வைத்து ஓர் ஆய்வு

காரிமங்கலம் வட்டார மக்களுக்கு மயானக் கொள்ளை புதிதன்று. மகா சிவராத்திரியை அடுத்து, பக்கத்துக் காவேரிப்பட்டணத்தில் அது பெரும் விழாவாக நடைபெறுகிறது. இவ்விழாவையே பின்னணியாகக் கொண்டு 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் வெளிவந்த தமிழ்த் தொடர் ‘சுழல்’. புஷ்கர்–காயத்ரி எழுதிய இதன் முதல் நான்கு பகுதிகளைப் பிரம்மாவும், அடுத்த நான்கை அனுசரண் முருகையனும் இயக்கினர். எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியிடப்பட்டன.

சாம்பலூர் என்னும் கற்பனை ஊர். அங்குள்ள சிமெண்டுத் தொழிற்சாலை தீப்பற்றி எரிகிறது. தொழிற்சங்கத் தலைவரின் மகள் நிலா காணாமற்போகிறாள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஐயம் ஒருவரிடமிருந்து மற்றொருவர்மேல் தாவுகிறது. ‘இன்னும் ஒன்று பார்த்துவிட்டுப் படுக்கலாம்’ என்று எண்ணாதவர் அரியர்.

இவ்வாறு ஏன் தோன்றுகிறது? பெர்லினில் குர்ட் லெவினின் மாணவியாக இருந்த மரியா ஓவ்ஸியான்கினா 1928இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அரைகுறையாக நிறுத்தப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே மக்கள் மீண்டும் எடுத்துச் செய்யும் போக்கினை அவர் கண்டறிந்தார். பாதியில் நின்ற கதைக்கும் இது பெரிதும் பொருந்தும் எனலாம்.

ஆனால் மனம் மட்டுமே காரணமன்று. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ராமாயண்’ தொடரிலும் கதை பாதியில் நின்றது. ஆயினும் நேயர்கள் அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை ஒளிபரப்பு அட்டவணை விதித்தது. இன்று அட்டவணை இல்லை. பல செயலிகளில் சில நொடிகளில் அடுத்த பகுதி தானாகவே ஓடத் தொடங்குகிறது. முன்பு பார்ப்பதற்கு முயற்சி வேண்டியிருந்தது. இப்போது நிறுத்துவதற்கு முயற்சி வேண்டியிருக்கிறது. 2016இல் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. வீட்டார் கூடியிருந்து பார்த்த திரை, தனி ஒருவரின் கைக்குள் வந்தது. ‘போதும், அணை’ என்று சொல்லும் குரலும் அதனுடன் மறைந்தது.

விழாச் சடங்குகளையும் புலன்விசாரணையையும் அடுத்தடுத்து நகர்த்தும் திறத்தில் ‘சுழல்’ சிறந்தே நிற்கிறது. மண்ணின் விழாவை வெறும் அலங்காரமாக்காமல் கதையின் உறுப்பாகவே அமைத்திருக்கிறார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. குழந்தைகள்மீதான பாலியல் வன்முறை இதன் உட்பொருள். பார்ப்பவர் சற்று நின்று, வீட்டாரோடு பேசிச் சிந்திக்க வேண்டிய பொருள் அது. தொடரின் கட்டமைப்போ நிற்கவே விடுவதில்லை. குற்றவாளி யார் என்ற விரைவில், பாதிக்கப்பட்ட குழந்தையின் துயரம் பின்னுக்குப் போய்விடுகிறது. விழாவுக்கு வரும் மக்கள் நாட்களைக் கடந்து அதன் முடிவை அடைகிறார்கள். தொடரைக் காண்பவரோ அதை ஒரே இரவில் விழுங்கிவிடுகிறார்.

மறுநாள் தேர்வு எழுதவேண்டிய மாணவருக்கு இது தூக்கத்தைப் பற்றிய கேள்வியுமாகும். செயலியின் அமைப்புகளில் தானியங்கும் வசதியை நிறுத்திவைக்க வழியுண்டு. பகுதியின் கடைசிக் காட்சிக்கு முன்பே, ஓர் உரையாடல் முடியுமிடத்தில் அணைத்துவிட்டால், முடிச்சின் இழுப்பும் குறையும். ‘சுழல்’ நாளுக்கு ஒரு பகுதியாகப் பார்க்கத் தகுந்த தொடர். அவ்வாறு பார்ப்பவருக்கே அதன் உட்பொருள் முழுமையாகக் கிட்டும்.