கிர்போ மறந்த இடங்கள்

என் வேலையில் இரைச்சல் என்பது வடிகட்ட வேண்டிய ஒன்று. சென்சார் தரவைச் சுத்தம் செய்தால்தான் மேலே கொடுக்க முடியும். இந்தப் புத்தியோடுதான் ‘சாசூனின் தாவீது’ என்ற ஆர்மேனியக் காப்பியத்தை ஆங்கிலத்தில் படித்தேன். முடித்தபோது மனதில் நின்றவர் தாவீது இல்லை. அக்கதையை முதன்முதலில் எழுத்தில் பதிந்த பாதிரியார் கரேகின் ஸ்ர்வந்த்ஸ்தியான்ஸ்.

1840இல் வான் நகரில் பிறந்தவர். ஒட்டோமான் ஆட்சியிலிருந்த ஆர்மேனிய ஊர்களில் கதை, பழமொழி, வழக்கங்களைச் சேகரித்துத் திரிந்தார். சாசூன் கதையை முழுசாகத் தெரிந்த ஒருவரை மூன்று வருடம் தேடினார். 1873இல் மூஷ் சமவெளியைச் சேர்ந்த கிர்போ கிடைத்தார். சொல்லி ரொம்ப நாளானதால் அவருக்கும் நிறைய மறந்திருந்தது. மூன்று நாள் கூடவே வைத்து, கெஞ்சி, மரியாதை செய்து, பரிசு கொடுத்து, மனுஷனுக்கு மூடு வந்த பிறகு கேட்டார். கிர்போவின் கிராமத்துப் பேச்சிலேயே எழுதி, 1874இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் அச்சிட்டார்.

கிர்போ மறந்ததையும் அவர் மறைக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

1939இல், காப்பியத்தின் ஆயிரமாண்டு விழாவுக்காக, சோவியத் ஆர்மேனியாவில் அறிஞர்கள் பல வடிவங்களைத் தைத்து ஒரே நூலாக்கினார்கள். கதை உலகத்துக்குப் போய்ச் சேர அது உதவியது, சரிதான். ஆனால் எந்தக் கதைசொல்லியும் அப்படி ஒரு கதையைச் சொன்னதில்லை. அதில் ஓட்டை இல்லை. அதனாலேயே யார் வாயும் இல்லை.

1915இல் மூஷிலும் சாசூனிலும் ஆர்மேனியர்கள் கொன்றழிக்கப்பட்டார்கள். தப்பியவர்கள் கொண்டுபோன கதைகள் பிறகும் பதிவாயின. ஆனால் அந்தச் சமவெளியில் அந்தப் பேச்சோடு இருந்த ஊர்கள் இல்லாமல் போயின. பாதிரியார் ‘கொச்சை’ என்று திருத்தியிருந்தால், கிர்போவின் பேச்சு நமக்குக் கிடைத்திருக்காது.

இதை எழுதக் காரணம் உண்டு. பாட்டி சொன்ன தோட்டத்துக் கதை ஒன்றைக் கைப்பேசியில் பதிந்தேன். இருமல், “அப்புறம் என்னமோ வரும்பா” எல்லாவற்றையும் நீக்கி, நல்ல தமிழில் தட்டச்சு செய்தேன். இடம் போதவில்லை என்று ஒலிப்பதிவை அழித்துவிட்டேன். பாட்டி இறந்தபின் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பாட்டி பேசற மாதிரி இல்லையே?”

பாட்டி எந்த இடத்தில் மறந்தார் என்பதுகூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.