குஞ்சு மீனுக்கு வைட்டமின்: எங்கே தேவை, எங்கே வீண்?

வடகிழக்குப் பருவமழையில் விழுப்புரம் மாவட்டத்து ஏரிகளும் பண்ணைக்குட்டைகளும் நிரம்பிவிட்டால் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளுக்குக் கிராக்கிதான். குஞ்சுகளோடு வைட்டமின் பொட்டலத்தையும் வாங்குவது இன்று மீன் வளர்ப்பில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அதைச் சரி என்றோ தவறு என்றோ ஒரே சொல்லில் தீர்ப்பு எழுத முடியாது. குஞ்சு எதில் வளர்கிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது.

முதலில் நன்மையைப் பார்ப்போம். மற்ற பெரும்பாலான மீன்களைப் போலவே இந்தக் கெண்டை இனங்களும் வைட்டமின் சி-யை இரையிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் எலும்புக்கும் தோலுக்கும் வேண்டிய கொலாஜன் சரியாக உருவாகாது. முதுகெலும்பு வளையும், செவுள் மூடி குட்டையாகும், புண் ஆறாது. வேகமாக வளரும் பருவம் என்பதால் குறை முதலில் குஞ்சுகளிடம்தான் தெரியும். வளைந்த முதுகு பிறகு எதைக் கொடுத்தாலும் நிமிராது. ஆகவே வைட்டமினை முன்கூட்டியே கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் மல்லாட்டையும் நெல்லும் தாராளம். மல்லாட்டைப் புண்ணாக்குத் தூளும் தவிடும் சரிபாதி கலந்து போடுவதே எளிய குஞ்சுத் தீவனம். புண்ணாக்கில் புரதமும் தவிட்டில் பி வகை வைட்டமின்களும் உண்டு. சி-க்கு இரண்டையும் நம்ப முடியாது. மண் குளத்தில் அந்தக் குறையை நிரப்புபவை மிதவை உயிரிகள். சாணம், புண்ணாக்கு, சூப்பர் பாஸ்பேட் இட்டுத் தயார் செய்த நாற்றங்கால் குளத்தில் 50 லிட்டர் நீரை நுண்வலையில் வடித்துப் பாருங்கள். 1 முதல் 2 மில்லி மிதவை உயிரி தேறினால், பொட்டலம் அங்கே பெரிதாக எதையும் கூட்டப்போவதில்லை. சிமெண்ட் தொட்டியிலும் தார்ப்பாய்க் குட்டையிலும் தெளிந்த நீரில் நெருக்கமாக வளரும் குஞ்சுக்கு இந்த இயற்கை இரை இல்லை. அங்கே வைட்டமின் கலந்த தீவனம் கட்டாயம் வேண்டும்.

குறைகள் பெரும்பாலும் கொடுக்கும் முறையில் இருக்கின்றன. தூளை அப்படியே நீரில் தூவினால் பி வகையும் சி-யும் குஞ்சின் வாய்க்குப் போகுமுன்பே கரைந்துவிடும். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் சூட்டிலும் ஈரத்திலும் காற்றிலும் சிதையும். பாஸ்பேட்டோடு பிணைத்த வடிவமே தாக்குப்பிடிக்கும். கோழிக்கான கலவையை மீனுக்குப் போடுவதும் சரியல்ல. கோழி தன் உடலிலேயே சி-யைத் தயாரித்துக்கொள்வதால் அந்தக் கலவைகளில் அது பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. ஏ, டி போன்றவை கொழுப்பில் கரைந்து உடலில் தங்குபவை. ஏ மிகுந்தால் அதுவே எலும்பைக் கோணலாக்கும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து, வேறு குறைகளை வைட்டமின் மூடிமறைப்பது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் அஃப்லடாக்சின் நஞ்சு உருவாகலாம். எந்தப் பொட்டலமும் அதை முறிக்காது. சிக்கு வாடை அடிக்கும் பழைய தவிட்டில் கெட்டுப்போன எண்ணெய், வைட்டமின் இ-யையும் அழித்துவிடும்.

மொத்தத்தில், வைட்டமின் நல்ல தீவனத்துக்குத் துணை. கெட்ட தீவனத்துக்கு மாற்று ஆகாது. மண் குளம் வைத்திருப்பவர் முதல் செலவை உரத்துக்கும் புதுப் புண்ணாக்குக்கும் செய்யட்டும். தொட்டியில் வளர்ப்பவர் மீனுக்கென்றே தயாரித்த கலவையை, தேதி பார்த்து, பொட்டலத்தில் சொன்ன அளவில் வாங்கி, ஆறிய கஞ்சியில் கரைத்துத் தீவனத்தில் பிசறி, நிழலில் உலர்த்திப் போடட்டும்.