நிரல் நூலகமும் அறிவின் உடைமையும்: திருகோணமலைத் துறைமுக நீர்மட்டத்தை முன்வைத்து

எண்கணிப்பு நிரல் நூலகங்களை வெறுங் கருவிகளாக நோக்குதல் போதாது. அறிவு யாருடைய உடைமை என்னும் வினாவையும் அவை உள்ளடக்கியுள்ளன. 1988இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'நியூமெரிக்கல் ரெசிப்பீஸ் இன் சி' விளக்கத்தாற் சிறந்த நூல். எனினும், அதன் செய்நிரல்களை மூலவடிவிற் பிறருக்கு வழங்க உரிமம் இடந்தரவில்லை. 1996இல் தொடங்கப்பட்ட குனூ அறிவியல் நூலகமோ படிக்கவும் திருத்தவும் பகிரவும் இடமளித்தது. இவ்வகையில் அது முற்போக்கானதே.

ஆயின், திறந்த நிரல் தானாகவே தெளிவைத் தந்துவிடாது. திருகோணமலைத் துறைமுகத்தின் வற்றுப்பெருக்கை நோக்குவோம். சந்திரனால் எழும் முதன்மைக் கூறு 12.42 மணித்தியாலத்துக்கும், சூரியனால் எழுவது 12 மணித்தியாலத்துக்கும் ஒருமுறை மீள்கின்றன. இவற்றை நம்பத்தக்கவாறு பிரித்தறிய ஏறத்தாழ 15 நாட்பதிவு வேண்டும். மூன்று நாட்பதிவையே கொடுப்பினும், அந்நூலகத்தின் இழிவு வர்க்கச் சார்பு மேசைக் கணினியில் நொடிப்பொழுதில் விடை தரும்; பதிவின் சிறுபிழையோ அவ்விடையிற் பன்மடங்காகப் பெருகியிருக்கும். அச்சார்பு உடன் தரும் உடன்மாறல் தாயம் இதனை உணர்த்தும். அதனை வாசிக்கக் கற்றவருக்கே உணர்த்தும்.

இது ஏட்டுப் பிரச்சினையன்று. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய கரை இது. வழமையான ஏற்றவிறக்கத்தைச் சரியாகக் கணித்துக் கழித்தாலன்றி, வழமை மீறிய எழுச்சியின் அளவு புலப்படாது.

எனவே, நிரலின் பொதுவுரிமைக்குக் குரல்கொடுப்போர் அதன் கணிதத்தைத் தமிழிற் கற்பிக்கும் கடமையையும் ஏற்றல் வேண்டும். நிரல் பொதுவாகியும் விளக்கம் சிலரிடமே தங்குமாயின், உடைமை கைமாறியதாகாது.