அதே அரையிறுதி, மூன்று விதிகள்

2018 ஆகஸ்ட் 30. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. சுவரோரத் தொலைக்காட்சியில் ஜகார்த்தாவிலிருந்து ஆசிய விளையாட்டு ஹாக்கி அரையிறுதி. இந்தியா 2, மலேசியா 1. ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் சொச்சமும்தான் பாக்கி. "அவ்வளவுதான் தம்பி, இலையை மூடு" என்றார் கல்லாவில் இருந்தவர். நான் இலையை மடிப்பதற்குள் பெனால்டி கார்னர். ராஸி ரஹிம் இழுத்துவிட்ட பந்து வலைக்குள் போய்விட்டது. 2-2.

அதற்குப் பிறகு நடந்ததை ஹாக்கி என்று சொல்வதா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அணிக்கு ஐந்து ஷூட்அவுட். அதிலும் சமன். பிறகு ஒன்றுக்கொன்று என்ற கணக்கில் போய், எஸ்.வி. சுனிலால் கோல் அடிக்க முடியாமல் போனதும் 7-6 என்று மலேசியா வென்றது. எங்கள் கோல்கீப்பர் எஸ். குமாரை மற்றவர்கள் ஓடிப்போய் அமுக்கினார்கள். மறுநாள் மெர்டேக்கா தினம். கடையில் அன்று தே தாரேக்குக்குக் காசு வாங்கவில்லை.

இந்தியாவும் மலேசியாவும் பெரிய போட்டியின் அரையிறுதியில் சமனில் முட்டிக்கொண்டது அதுவே முதல் முறை அல்ல. அதற்கு முன் இரண்டு முறை நடந்திருக்கிறது. மூன்று முறையும் சமனை உடைத்த விதி வேறு வேறு. ஒரே தேர்வை மூன்று வினாத்தாள் கொடுத்து நடத்திய மாதிரி.

முதலாவது 1975 மார்ச், உலகக் கிண்ணம், நம் கோலாலம்பூரிலேயே. பெரியவர்களிடம் அந்த வருடத்தைச் சொன்னால் போதும், முகம் வாடிவிடும். ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பாலசிங்கம், பூன் ஃபுக் லோக் என்று பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். எதிரணியில் தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸ். மலேசியா 2-1 என்று முன்னால் இருந்தது. சில நிமிடங்களே இருக்கும்போது இந்தியா மைக்கேல் கிண்டோவை வெளியே எடுத்து அஸ்லம் ஷேர் கானை இறக்கியது. பெனால்டி கார்னர். கழுத்தில் தொங்கிய தாயத்தை முத்தமிட்டுவிட்டு அஸ்லம் அடித்தார். கோல். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொன்று போட, 3-2. மார்ச் 15 அன்று இறுதியில் பாகிஸ்தானையும் வென்று கிண்ணத்தை இந்தியா கொண்டுபோனது. நமக்கு நான்காவது இடம். உலகக் கிண்ணத்தில் இன்றுவரை நம்முடைய உச்சம் அதுதான்.

இரண்டாவது 2010, குவாங்சோ ஆசிய விளையாட்டு. 3-3. அப்போது 'கோல்டன் கோல்' விதி: கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்த நொடியில் ஆட்டம் முடிந்தது. அந்தக் கோலை தாஜுதீன் அடித்தார். மலேசியா முதன்முறையாக ஆசிய விளையாட்டு இறுதிக்குப் போனது. (இறுதியில் பாகிஸ்தானிடம் 0-2. அதை விடுங்கள்.)

கூடுதல் நேரம் என்பது நுரையீரலுக்கும் மாற்று ஆட்டக்காரர்களுக்கும் வைக்கிற பரீட்சை. வரிசையில் ஆள் பலம் உள்ள அணிக்கு அதில் சாதகம் அதிகம். கோல்டன் கோல் வந்தால் பலம் குறைந்த அணி பின்னால் கூடாரம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு எதிர்த்தாக்குதலுக்குக் காத்திருக்கலாம். ஷூட்அவுட்டில் அந்த இரண்டுமே கிடையாது. 23 மீட்டர் கோட்டில் பந்து. விசில். எட்டு விநாடி. முன்னால் ஓடிவரும் கோல்கீப்பர் ஒருவர், குச்சியோடு ஒருவர். மற்ற எல்லோரும் மைதான நடுவில் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிற பார்வையாளர்கள். நல்ல கீப்பர் இருந்தால் நீங்கள் பாதி ஜெயித்தாகிவிட்டது.

அரையிறுதியில் கொடுத்ததை அந்த விதி இரண்டே நாளில் திருப்பி வாங்கிக்கொண்டதையும் பார்த்தோம். செப்டம்பர் 1, அதே ஜகார்த்தா, இறுதியில் ஜப்பான். கையிலிருந்த முன்னிலையை விட்டுவிட்டு, கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி 6-6. ஷூட்அவுட்டில் ஜப்பான் 3-1. தங்கம் கிடைத்திருந்தால் தோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடி டிக்கெட். சிட்னி 2000க்குப் பிறகு நம் ஹாக்கி ஆண்கள் ஒலிம்பிக் பக்கம் போகவில்லை என்பதை வைத்துப் பார்த்தால், அந்தச் சில எட்டு விநாடிகளின் விலை தெரியும். பன்னிரண்டு கோல் விழுந்த ஆட்டம் அது. ஆட்டம் முழுக்கப் பந்து நிற்காமல் ஓடியது; முடிவை மட்டும் பந்தை நிறுத்தி வைத்து எடுத்தார்கள்.

இந்த இடத்தில் பனிக்கட்டிப் பக்கம் கொஞ்சம் போய்வரலாம். நம் ஊருக்கும் அது அந்நியமில்லை. 2017 சீ விளையாட்டில் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்றபோது டமன்சாரா எம்பயர் சிட்டியில்தான் நடந்தது. பிலிப்பைன்ஸ் தங்கம் வென்றது. வெளியே கொளுத்துகிற வெயிலில் கார் நிறுத்திவிட்டு, உள்ளே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

அமெரிக்கக் கல்லூரிகளின் ஐஸ் ஹாக்கியில் சமனை இரண்டு விதமாகக் கையாள்கிறார்கள். லீக் ஆட்டமென்றால் ஐந்து நிமிடம், பக்கத்துக்கு மூன்றே ஆட்டக்காரர். 2020-21 பருவத்தில் வந்த விதி அது. அதிலும் கோல் விழாவிட்டால் ஏட்டில் சமன் என்றுதான் எழுதுவார்கள். லீக் புள்ளிக்காக ஷூட்அவுட் வைத்தாலும் ஆட்டத்தின் முடிவு சமன்தான். ஆனால் தேசிய நாக்அவுட் தொடர் என்று வந்துவிட்டால் இந்தச் சுருக்குவழி எதுவும் கிடையாது. வழக்கம்போல் ஐந்து பேர், இருபது நிமிடப் பகுதிகள், கோல் விழும்வரை. 2023 இறுதியில் குவினிபியாக் பல்கலைக்கழகம் மினசோட்டாவைக் கூடுதல் நேரத்தின் பத்தாவது விநாடியில் வீழ்த்தியது. அதே கோல் விழும்வரை என்ற கணக்கில், 2015இல் ஒரு கல்லூரி லீக்கின் பிளேஆஃபில் மாசசூசெட்ஸும் நோத்ர டேமும் ஐந்து கூடுதல் பகுதிகள் ஆடின. மொத்தம் 151 நிமிடம் 42 விநாடி. மாசசூசெட்ஸ் 4-3. நள்ளிரவைத் தாண்டிவிட்டது.

லீக் புள்ளிக்கு ஒரு மருந்து, கிண்ணத்துக்கு வேறு மருந்து. நம் ஹாக்கியில் இரண்டுக்கும் ஒரே மருந்து. புரோ லீக்கில் ஒரு போனஸ் புள்ளிக்கும் ஷூட்அவுட், ஒலிம்பிக் தங்கத்துக்கும் ஷூட்அவுட். 2012 லண்டன் ஒலிம்பிக் வரை கூடுதல் நேரம் இருந்தது. அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள். விளைவைப் பாருங்கள். ஆண்கள் ஹாக்கியில் 2018 உலகக் கிண்ண இறுதி, தோக்கியோ ஒலிம்பிக் இறுதி, 2023 உலகக் கிண்ண இறுதி, பாரிஸ் ஒலிம்பிக் இறுதி. வரிசையாக நான்கும் ஷூட்அவுட்டில்தான் முடிந்தன. முதல் இரண்டில் பெல்ஜியம், அடுத்ததில் ஜெர்மனி, கடைசியில் நெதர்லாந்து.

பெல்ஜியத்தின் வின்சென்ட் வனாஷ் மாதிரி ஒரு கீப்பரை வைத்திருக்கும் அணி, கடைசி ஐந்து நிமிடத்தில் எதற்காகத் துணிந்து முன்னேற வேண்டும்? சமன் அவர்களுக்கு ஆபத்தில்லை. கூடுதல் நேரம் இருந்தால் அந்தக் கணக்கு மாறும்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். இரண்டு நாளுக்கு ஒரு ஆட்டம், ஒரே டர்ஃபில் நாளைக்கு நாலு ஆட்டம், தொலைக்காட்சிக்கு நேரக் கட்டுப்பாடு. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. ஜாலான் டூத்தா ஹாக்கி அரங்கில் சாயங்கால இடிமழை வந்துவிட்டால் கடைசி ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் களைப்பு என்ற காரணத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஹாக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். ஓடியவர் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போகலாம். 1975இல் ஆடியவர்களுக்கு அந்த வசதி இல்லை.

எல்லா நாக்அவுட்டுக்கும் வேண்டாம். பதக்க ஆட்டங்களுக்கு மட்டும் ஒரே ஒரு ஏழரை நிமிடப் பகுதி, வேண்டுமானால் பக்கத்துக்கு இரண்டு பேரைக் குறைத்து. அதிலும் முடியாவிட்டால் ஷூட்அவுட். கூடுதலாக ஆவது இடைவேளையோடு பத்து நிமிடம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

விதி மாறும்வரை, இருக்கிற விதிக்குத் தயாராக வேண்டியதுதான். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை கிள்ளான் பண்டமாரான் ஹாக்கி அரங்கில் பள்ளிப் பையன்கள் பயிற்சி பார்த்தேன். ஒருமணி நேரம் பாஸ், பெனால்டி கார்னர் எல்லாம் நடந்தது. கடைசிப் பதினைந்து நிமிடம் ஷூட்அவுட். பயிற்சியாளர் கையில் ஸ்டாப்வாட்ச். "ஆறு... ஏழு..." என்று சத்தமாக எண்ணினார். ஒரு பையன் கீப்பரை வலப்பக்கம் இழுத்துத் திரும்பி, காலியான வலைக்குள் பந்தைத் தள்ளினான். "எட்டு! லேட்டு டா." பந்து வலைக்குள்தான் கிடந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் 23 மீட்டர் கோட்டுக்கு நடந்தான்.