எழுதப்பட்டோரும் எழுதுவோரும்: திருநங்கையர் தன்வரலாறுகள் பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத்திலே யார் பேசலாம், எந்த மொழியிலே பேசலாம் என்பன ஈழத்துத் தமிழ் விமர்சனத்துக்குப் புதிய வினாக்களல்ல. 1960களின் முற்பகுதியிலே அடிநிலை மக்களின் பேச்சுமொழி புனைகதையில் இடம்பெற்றபோது, மரபுவாதிகள் அதனை 'இழிசனர் வழக்கு' என எள்ளினர். முற்போக்கு விமர்சகர்கள் அவர்களை எதிர்த்து வாதாடினர். 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' அக்கருத்துநிலையின் விளைச்சல்களுள் ஒன்று எனலாம். ஆயின், ஒடுக்கப்பட்டோர் குரலுக்காக வாதாடிய அதே விமர்சனம், தமிழ்நாட்டுத் திருநங்கையர் எழுதிய நூல்களைப் போதிய கவனத்துடன் நோக்கியுள்ளதெனக் கூறுவதற்கில்லை.

அந்நூல்களுக்கு முன்னோடியாக அமைந்தது சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' (1994) நாவலாகும். சுயம்பு என்னும் மாணவனின் மாற்றத்தையும் அதன் விளைவாக அவன் அடையும் புறக்கணிப்பையும் அது பரிவோடு சித்திரித்தது. அதன் வரலாற்று முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அங்கு திருநங்கையர் எழுதப்படுவோரே, எழுதுவோரல்லர். பரிவு எத்துணை உண்மையானதாயினும், பேசும் அதிகாரம் பரிவு காட்டுபவரிடமே தங்கிவிடுகின்றது.

இந்நிலையை மாற்றிய நூல்களுள் ரேவதியின் 'உணர்வும் உருவமும்' (2005) தலையாயது. ரேவதி முதலிலே தம் கதையைக் கூறவில்லை; தம்மைப் போன்ற பலரின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுத் தொகுத்தார். இது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கேட்பவரும் கூறுபவரும் ஒரே சமூகத்தவராக அமைந்தமையால், வெளியார் முன் கூறத் தயங்குவன அந்நூலிலே இடம்பெற்றன. 'நான்' எனும் குரலுக்கு முன்னர் 'நாம்' எனும் குரல் உருவாகிவிட்டது. சமூகம் தானே முன்னின்று தன்னை வலுப்படுத்திக்கொள்ளல் என்பதன் இலக்கிய வடிவம் இதுவே என்பது எமது துணிபு.

அடுத்து வந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007) உழைப்பின் பிரச்சினையை மையப்படுத்துகின்றது. மொழியியலிலே முதுகலைக் கல்வி பெற்ற ஒருவர் புனேயின் புகைவண்டிகளிலே கையேந்த நேர்ந்தமை தனிமனித விதியன்று. ஒரு பிரிவினரை உழைப்புச் சந்தையிலிருந்து விலக்கிவைக்கும் சமூக ஏற்பாட்டின் விளைவு. ரேவதியின் தன்வரலாறோ 2010இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்த பின்னரே, 2011இல் 'வெள்ளை மொழி' எனத் தமிழில் நூலுருப்பெற்றது. தமிழிலே எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை ஆங்கிலத்தைச் சுற்றித் தமிழ் வாசகரை வந்தடைந்தமை எமது பதிப்புச் சூழல் பற்றியும் ஒரு செய்தியைக் கூறுகின்றது.

இந்நூல்கள் தம் சமூகத்தைப் புகழ்ந்து பாடும் நூல்களல்ல. வீட்டார் துரத்தியோருக்கு உறைவிடமும் உறவும் அளிப்பது குரு–சேலா அமைப்பு. சேலாவின் உழைப்பின் பயனைப் பெற்று அவரைக் கட்டுப்படுத்துவதும் அதுவே. இம்முரண்பாட்டை 'வெள்ளை மொழி' மறைக்கவில்லை. தன்னகத்தேயுள்ள படிநிலையையும் விமர்சிக்கும் துணிவே ஓர் இயக்கம் முதிர்ச்சியடைவதன் அறிகுறி.

2008இல் தமிழ்நாட்டரசு அரவாணிகளுக்கென நலவாரியம் அமைத்தது. 2014இல் இந்திய உச்சநீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. இவற்றை அரசினதும் நீதிமன்றினதும் கொடை என்று மட்டும் நோக்குதல் பிழையாகும். தம்மைத் தாமே பெயரிட்டு, அணிதிரண்டு, பேசியோரின் நீண்ட முயற்சி அவற்றின் பின்னே உள்ளது. மேலும், நலத்திட்டத்தின் பயனாளி என்ற நிலை வேறு. வரலாற்றின் கருத்தா என்ற நிலை வேறு. அட்டையும் உதவித்தொகையும் முதலாவதை வழங்கலாம். இரண்டாவதை எவரும் வழங்க இயலாது.

குறைபாடுகளும் உள. இவ்வெழுத்தின் பெரும்பகுதி திருநங்கையரின் அனுபவத்தையே சார்ந்தது. 2016இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ரேவதியின் மற்றொரு நூல் ஆணாகத் தம்மை உணரும் திருநம்பியரின் கதைகளுக்கும் இடமளித்தது; இங்கும் அவர் பிறர் குரலைக் கேட்பவராகவே தொடர்கிறார். தன்வரலாறு என்னும் வடிவத்தைக் கடந்து நாவலும் நாடகமும் இவ்வனுபவங்களால் வளம்பெற வேண்டும்.

'இழிசனர்' என்ற சொல்லுக்கு எதிராக அன்று எழுந்த விமர்சன மரபின் வாரிசுகள் நாம் எனின், இந்நூல்களைச் சமூகவியல் ஆவணங்கள் என ஒதுக்கிவிடாது, இலக்கியமாகவே வாசித்து மதிப்பிடும் கடப்பாடு எமக்கு உண்டு. மறுப்போமாயின், அன்று நாம் எதிர்த்த மரபுவாதிகளின் ஆசனத்திலே இன்று நாமே அமர்ந்தவர்களாவோம்.