தகுதிக்கும் ஒரு சாதி உண்டு

நூல் அறிமுகம் என்ற பெயரில் அட்டையின் அழகைப் புகழ்வதும், ஆசிரியர் பெற்ற பட்டங்களை வரிசைப்படுத்துவதும், அனைவரும் வாங்கிப் பயன்பெறுக என்று முடிப்பதும் நம் ஏடுகளில் வழக்கமாகிவிட்டன. பின்னட்டையில் பதிப்பகத்தார் அச்சிட்டதை அப்படியே தமிழாக்கிப் போடுவோரும் உளர். ஆராய்ச்சி நூலுக்கு இது போதாது. ஆராய்ச்சி நூல் என்பது ஒரு வழக்கு. வாதம் என்ன, அதற்குச் சான்று என்ன, எந்த இடத்தில் ஆசிரியர் சான்றைத் தாண்டி நடக்கிறார் என்று கேட்பவனே அதைப் படித்தவன் ஆவான்.

அவ்வாறு கேட்டுக் கேட்டுப் படிக்க வேண்டிய மூன்று நூல்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 2014க்கும் 2021க்கும் இடையே அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் வெளியிட்டவை. மூன்றும் நம் மண்ணைப் பற்றியவை. மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நேற்று அச்சேறியதுதான் புது நூல் என்பதில்லை. நம் படிப்பகத்து மேசைக்கு இன்னும் வந்து சேராத நூல் நமக்குப் புது நூலே!

முதலாவது, அஜந்தா சுப்பிரமணியன் எழுதி, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2019இல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்'. தகுதியின் சாதி என்று நாம் சொல்லலாம். தகுதி, திறமை என்ற கூச்சலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். சாதி பிறப்பால் வருவது, தகுதி உழைப்பால் வருவது, ஆகவே ஒன்று வளர மற்றது தேயும் என்பது அக்கூச்சலின் உட்பொருள். இந்த அடிப்படையையே மறுக்கிறார் ஆசிரியர். தகுதி என்னும் பேச்சு சாதிக்குப் பகையன்று. சாதி தன்னைச் சாதியென்று சொல்லிக்கொள்ளாமல் நடமாடுவதற்குக் கிடைத்த புது வழி என்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட களம், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் நிறுவப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.

இந்நூலின் சிறந்த பகுதி, ஐ.ஐ.டி. பிறப்பதற்கு நெடுநாள் முற்பட்ட கதை. இரும்பை உருக்கியவன் யார்? கோபுரத்தை அளந்து எழுப்பியவன் யார்? மரத்தை இழைத்துத் தேர் செய்தவன் யார்? கைவினைச் சாதியினர் அல்லரோ! அப்படியிருக்க, பொறியியல் என்ற படிப்பு உளியையும் உலைக்களத்தையும் தொடாத சாதிகளின் கைக்கு எப்படிப் போயிற்று? வெள்ளையர் ஆட்சி அறிவையும் கையையும் இரண்டாகப் பிரித்தது என்று விடை கிடைக்கிறது. பொதுப்பணித் துறையில் அதிகாரியாக அமர்வதற்கு ஒரு கல்வி. தச்சனும் கொல்லனும் தத்தம் தொழிலையே இன்னும் செம்மையாகச் செய்வதற்குத் தொழிற்பள்ளி என்று வேறொரு கல்வி. முன்னதன் வாயிலில் ஏட்டுப் படிப்பும் ஆங்கிலமும் கேட்கப்பட்டன. அவை யாரிடம் இருந்தன என்பதை விளக்கத் தேவையில்லை.

நுழைவுத் தேர்வைப் பற்றிய பகுதியும் கூர்மையானது. தேர்வு ஒன்றே நீதி, அதில் வென்றவனே அறிவாளி என்றார்கள் முதலில். பின்னர்ப் பயிற்சி நிலையங்கள் பெருகின. நகரத்து மேட்டுக்குடிக்கு வெளியேயிருந்தும் பிள்ளைகள் வந்து அதே தேர்வில் வென்றார்கள். உடனே பேச்சு மாறியது! இவர்கள் பயிற்றப்பட்டவர்கள், நாங்கள் பிறவி அறிவினர் என்றார்கள். அளவுகோலை வகுத்தவர்களே, வேறொருவன் அதன் உச்சியை எட்டியதும் அளவுகோலை ஐயுறும் விந்தையை ஆசிரியர் அவர்கள் வாய்ச்சொற்களைக் கொண்டே காட்டுகிறார். 1951இல் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாதென்ற வழக்கும், அதன் பயனாய் அதே ஆண்டில் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தமும் நம் இளைஞர் அறிந்தவை. அவ்வழக்குத் தொடுத்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பதும் அறிந்ததே. ஆனால் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் ஐ.ஐ.டி.யின் கதவு 1973இல்தான் திறந்தது, பிற பிற்படுத்தப்பட்டோர்க்கு 2008 வரை திறக்கவில்லை என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

குறையும் உண்டு. முதல் அதிகாரத்தில் அத்துணை உயிரோடு வரும் கைவினைஞர், பின்னர்ப் பெரிதும் மறைந்துபோகிறார். நூல் நெடுகிலும் நாம் அதிகம் கேட்பது, அந்நிறுவனத்தில் படித்து உயர்ந்தவர்களின் குரலை. மேட்டுக்குடியை ஆராய்வதே தம் நோக்கம் என்று ஆசிரியர் சொல்வார், ஒப்புகிறேன். எனினும் உளி பிடித்தவனின் பேரன் என்ன ஆனான் என்ற கேள்வி நூலை மூடிய பின்னும் நிற்கிறது.

இந்த நூலைப் படித்துக் கைதட்டுவது நமக்கு எளிது. குற்றக் கூண்டில் நிற்பவர் வேறொருவர் அல்லவா!

இரண்டாவது நூல் அப்படியன்று. ரூபா விசுவநாத் எழுதி, கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2014இல் வெளியிட்ட 'தி பரையா பிராப்ளம்'. அந்நாளைய அதிகாரிகளும் பாதிரிமாரும் கையாண்ட சொல்லையே தலைப்பாக்கி, அந்தச் 'சிக்கல்' யாரால், எதற்காக அவ்வாறு பெயரிடப்பட்டது என்று ஆராய்கிறார். களம் பெரிதும் செங்கற்பட்டு மாவட்டம். அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை 1843ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. நீக்கிய பின்னும் வயலில் மாறியது என்ன? நிலம் மிராசுதாருடையது, சேரியில் குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசியவனுக்கு அன்றிரவு படுக்க இடமில்லை. இதனை நம் நாட்டு அடிமை முறை மென்மையானது என்று எழுதிவைத்த அதிகாரிகளும் இருந்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹியர் என்ற ஆங்கிலேயர், இம்மக்களின் நிலையை விரித்து அறிக்கை எழுதினார். வருவாய் வாரியம் அதனை விரும்பவில்லை. ஆனாலும் அவ்வறிக்கையை ஒட்டியே 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

ஆசிரியரின் வாதம் இது: உழைப்பையும் நிலத்தையும் பற்றிய ஒரு கொடுமை, மெல்ல மெல்லச் சமயத்தைப் பற்றியதாகவும் சமூக வழக்கத்தைப் பற்றியதாகவும் மாற்றி எழுதப்பட்டது. சமயத்தில் தலையிடோம் என்று அரசு கைகழுவ அது வாய்ப்பாயிற்று. மனமாற்றம் வரட்டும், காலம் கனியட்டும் என்று மற்றவர்களும் சொல்ல வழி பிறந்தது. மதம் மாறியதையும் பாதிரிமாரின் செயலாக மட்டும் அவர் காணவில்லை. தம்மைக் காக்கும் துணை தேடி அம்மக்களே எடுத்த முயற்சியாகக் காண்கிறார்.

அந்த மிராசுதார் யார்? பார்ப்பனர் மட்டுமா? வேளாளரும் இருந்தனர். இதைச் சொல்ல நாம் தயங்கலாகாது, தோழர்களே! வகுப்புரிமைக்குச் சான்று தேடிப் புத்தகம் புரட்டும் நாம், நம் பாட்டனார் பெயர் வரும் பக்கத்தில் மட்டும் வேகமாய்ப் புரட்டினால், அது பகுத்தறிவு ஆகுமா? மேலே உள்ளவனைப் பார்த்துக் கேட்ட கேள்வியைக் கீழே உள்ளவன் நம்மைப் பார்த்துக் கேட்கும்போது, மனமாற்றம் வரட்டும் என்ற அதே விடையைத்தானே நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்! என் மாணவரிடையே இந்நூலின் செய்திகளைச் சொன்னபோது, ஏன் இது பாடத்தில் இல்லை என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு ஆண்டுகளையும் பெயர்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடிந்தது. நூலைக் கையில் கொடுக்க முடியவில்லை. தமிழில் இருந்தாலன்றோ கொடுப்பது!

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்னார்டு பேட் 2016இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற கையெழுத்துப் படியை அறிஞர் சிலர் பதிப்பிக்க, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2021இல் 'புராட்டஸ்டண்ட் டெக்ஸ்சுவாலிட்டி அண்ட் தி தமிழ் மாடர்ன்' என வெளியிட்டது. கூட்டம் கூட்டித் தமிழில் பொதுமக்களை நோக்கிப் பேசுவது தொன்றுதொட்டு வந்த வழக்கமன்று என்கிறது இந்நூல். பாதிரிமாரின் பிரசங்கம், அதனை எதிர்க்க அதன் முறையையே எடுத்தாண்டு 1847இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கம், பின்னர்ச் சுதேசி இயக்க நாள்களில் தூத்துக்குடித் தொழிலாளர் முன் ஒலித்த பேச்சு என்று அதன் வழியைக் காட்டுகிறது. மேடைத் தமிழைச் சங்கத்தோடு முடிச்சுப் போட்டு மகிழ்வோர்க்கு இது கசக்கும். கசக்கட்டுமே! முழுமை பெறாத நூலாதலின் சில பாலங்கள் இடையிடையே இல்லை. நம் இயக்க மேடையைப் பற்றி அறிய விரும்புவோர், மதுரையில் தங்கி ஆராய்ந்து அவர் 2009இல் வெளியிட்ட முந்தைய நூலையே தேட வேண்டும்.

மூன்றின் விலையும் ஆசிரியர் வேலை பார்ப்பவனை அஞ்ச வைப்பது. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இலும், மதுரையில் 2023இலும் அரசு பெரும் நூலகங்களைத் திறந்திருக்கிறது. அங்கே கேட்கலாம், இல்லையென்றால் வாங்கித் தருமாறு எழுதிக் கொடுக்கலாம். ஆங்கிலம் பயின்ற தோழர் ஒருவர் படிக்க, மற்றவர் கேட்டுக் குறித்துக்கொள்ள, திங்களுக்கு ஓர் அதிகாரமாகப் படிப்பகத்திலேயே முடிக்கலாம். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்களாயின், இரண்டாவதிலிருந்து என்பேன்.